மூஸ் வேட்டைக்குத் துவக்கு வாங்கும்போது

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவுக்கு மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்கென்று புதிதாக வரும் எங்கள் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நூறு யாரில் எவ்வளவு துல்லியமாகச் சுடும்?" என்றுதான். மூஸுக்கு வேண்டிய துல்லியம் இன்று விலை குறைந்த போல்ட்-ஆக்சன் (போல்ட் என்னும் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) துவக்கிலும் இருக்கிறது. நவம்பர்க் குளிரில், தடித்த கையுறையோடு, இரண்டாவது தோட்டா தடங்கலின்றி ஏறுமா? நான் பார்ப்பது அதைத்தான். முதல் வெடியில் காயம்பட்ட மிருகத்தை உடனே முடிக்காவிட்டால், அது காட்டுக்குள் ஓடி வதைபட்டுச் சாகும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பி.ஏ.எல். என்னும் கனேடியத் துவக்கு உரிமத்தோடு வேட்டைக் கையுறையையும், வாங்க நினைக்கும் துவக்கின் தோட்டா அளவில் நாலு டம்மி (வெடிக்காத) தோட்டாக்களையும் கொண்டுபோங்கள். துவக்கு கைக்கு வந்ததும் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தோட்டா அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். பிறகு அவரிடம் கேட்டுவிட்டு டம்மி தோட்டாக்களை மகசினில் (தோட்டாக் கூட்டில்) போட்டு, ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் போல்ட்டை இழுத்துத் தள்ளுங்கள். கடைசித் தோட்டாவைக் கவனியுங்கள், சிக்குவது பெரும்பாலும் அதுதான். பின்னால் இழுத்த நிலையில் போல்ட் கொஞ்சம் ஆடும், அது குறையில்லை. மகசினைக் கையுறையோடு கழற்றி மாட்ட முடியாவிட்டால் அந்தத் துவக்கை அங்கேயே வைத்துவிடுங்கள்.

தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைத் தள்ளும்போது வரும் சத்தத்தையும் கேளுங்கள். மூஸின் காது மிகக் கூர்மை. வின்செஸ்டர் மாடல் 70 போன்றவற்றில் சேஃப்டிக்கு மூன்று நிலை உண்டு. நடு நிலையில் தோட்டாவை அடிக்கும் ஊசி பூட்டியிருக்க, போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். விறைத்த கையோடு துவக்கை வெறுமையாக்கும்போது அது பெரிய நிம்மதி.

எதை வாங்கலாம் என்றால், நான் முதலில் சொல்வது டிக்கா டி3எக்ஸ். ஆர்க்டிக் பக்கம் காவல் பார்க்கும் கனேடிய ரேஞ்சர்கள் 1947 முதல் வைத்திருந்த லீ-என்ஃபீல்டுக்குப் பதிலாக, 2018 அளவில் வாங்கத் தொடங்கிய சி19 துவக்கு இந்த டிக்காவின் அமைப்பில் செய்ததுதான். கையுறைக்கு ஏற்ற பெரிய போல்ட் பிடியும் அந்த சி19இல் உண்டு. கையில் காசு குறைவென்றால் ரூகர் அமெரிக்கனும் நல்ல துவக்குத்தான். தோட்டா .308 அல்லது .30-06 போதும். இரண்டும் சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். பலமாக உதைக்கும் மக்னம் தோட்டா வேண்டாம். உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் பழக்கம் வந்துவிட்டால் போகாது.

குழலைத் தாங்கும் கட்டை மரத்தில் இருந்தால் அழகுதான். ஆனால் மரம் ஈரத்தில் ஊறிப் பெருத்துக் குழலை அழுத்தினால் குறி நகரும். ஐந்து டொலர்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் செருகி இழுத்துப் பாருங்கள். எங்கும் முட்டாமல் பின்வரை போக வேண்டும்.

பழைய துவக்கென்றால் இன்னும் கவனம் வேண்டும். வெறுந்துவக்கில் போல்ட்டை மூடி, சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி விடுங்கள். இப்போது விசையைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். ஊசி "டக்" என்று விழுந்தால் விலையைக் கூடக் கேட்க வேண்டாம். ரெமிங்டன் 700 என்றால், எக்ஸ்-மார்க் புரோ விசை உள்ளதா என்று பாருங்கள். 2006 முதல் 2014 வரை செய்தவற்றை அந்த நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. திருத்தியதற்குச் சான்று கேளுங்கள். குழல் வாயில் வடு, அறைக்குள் துரு, சிதைந்த திருகுத் தலைகள் இருந்தால் துவக்குத் திருத்துபவரிடம் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு ஸ்கோப்பின் பிடிகளைச் சரியான இறுக்கத்தில் பூட்டுங்கள். "துவக்குச் சரியில்லை" என்று வருகிறவர்கள் பலரிடம் தளர்ந்திருப்பது அந்தத் திருகுகள்தான். குளிர் தொடங்குமுன் போல்ட்டைக் கழற்றி, ஊசியிலும் சுருளிலும் உள்ள எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அது குளிரில் இறுகினால் ஊசி மெதுவாக அடித்து, தோட்டா வெடிக்காமல் போகும். இரவில் துவக்கைச் சூடான கபினுக்குள் கொண்டுவந்தால் உலோகம் வியர்த்து, காலையில் வெளியே அந்த ஈரம் பனிக்கட்டியாகும். முடிந்தால் குளிரிலேயே, வெறுமையாக்கிப் பூட்டி, யார் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.