செயலிக்கு உதடு தெரியும், மூக்கு தெரியாது

எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருக்கும் பிள்ளை, விரல் சூப்பும் பிள்ளை, விழுங்கும்போது நாக்கைப் பல்லிடுக்கில் தள்ளும் பிள்ளை. இவர்களுக்கு வாய், முகத் தசைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இப்போது அந்தப் பயிற்சியைக் கைப்பேசிச் செயலிகள் நடத்துகின்றன. திரையில் சிங்கம் நாக்கை நீட்டும், பிள்ளையும் நீட்டும், கேமரா பார்த்து நட்சத்திரம் கொடுக்கும். நல்ல கருவிதான். 6 வயதுப் பிள்ளையைத் தினமும் 10 நிமிடம் உட்கார வைப்பது எனக்கே கடினம்.

ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த இருவர், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன். நாள் தவறுவது, பாதியில் விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூக்கைப் பார்க்காமல் வாயை மூடச் சொல்வது

ஏழு வருடங்களுக்கு முன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் வந்தான். உதடு சேரவே சேராது. செயலியில் உதட்டுப் பயிற்சிகளைப் போட்டுக் கொடுத்தேன். ஐஸ்கிரீம் குச்சியை உதட்டால் பிடிப்பது, நூல் கட்டிய பெரிய பொத்தானை உதட்டுக்குப் பின்னால் வைத்து நூலை இழுக்க இழுக்க விடாமல் பிடிப்பது. ஒரு நாள்கூட அவன் விடவில்லை. நான்கு மாதமும் பச்சைக் குறிதான். உதட்டில் பலமும் ஏறியது. ஆனால் பயிற்சி முடிந்த மறுநிமிடம் வாய் திறந்துகொள்ளும்.

"சோம்பேறி மிஸ் இவன். வீட்டில் கத்திக் கத்தித்தான் வாயை மூட வைக்கிறேன்" என்றார் அம்மா. நான் மறுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும்பா" என்று நானும் அவனிடமே சொன்னேன்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்து வழியை அடைத்திருந்தது. மூச்சுவிடத்தான் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறான். அதற்காக இரண்டு பெரியவர்கள் நான்கு மாதம் அவனைக் குறை சொல்லியிருக்கிறோம். செலவான பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடினாய்டு பெரிதாக இருப்பது ஏறக்குறைய 3 முதல் 7 வயது வரை. நம்மிடம் பிள்ளைகள் வரும் வயதும் அதுதான். இந்த ஊர் ஈரத்தில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சிகள் வருடம் முழுக்கப் பெருகும். அந்த ஒவ்வாமையாலும் மூக்கு அடைக்கும். புகைமூட்டம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் முதல் நாள் செயலியைத் திறக்காதீர்கள். ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு துவாரத்தின் ஆவியும் படிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்திருக்கச் சொல்லுங்கள். 2 நிமிடம் சிரமமில்லாமல் வைத்திருந்தால் தொடரலாம். திணறினால் உடனே துப்பட்டும். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, காலையில் தலையணை நனைந்திருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி. மூக்கு அடைத்த பிள்ளையின் உதட்டில் இரவில் டேப் ஒட்டுவது ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

போன வாரம்கூட, "ரிப்போர்ட் நல்லா இருக்கேக்கா" என்று பச்சைக் குறிகளைக் காட்டினார் புதியவர். வாசலில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது.

நாக்கைச் செயலியிடம் ஒப்படைப்பது

ஓய்வில் நாக்கு நுனி இருக்க வேண்டிய இடம், மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள சிறு மேடு. தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்வது சுலபம்: 'ல' சொல்லும்போது நாக்கு தொடும் இடம். 'த' சொல்லும்போது தொடுவது பல். அங்கே வைக்கக் கூடாது. நாக்கால் சொடுக்குப் போடும் பயிற்சியில் செயலி சத்தத்தை மட்டும் கேட்டு நட்சத்திரம் தரலாம். தாடையை ஆட்டியும் நாக்கைப் பல்லில் அழுத்தியும்கூட அந்தச் சத்தத்தைக் கொண்டுவர முடியும். எந்தப் பழக்கத்தைப் போக்க வந்தார்களோ அதற்கே தினமும் பயிற்சி நடக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால், பக்கத்தில் ஒரு பெரியவர்.

நாக்கு நுனியில் ரப்பர் வளையம்

வளையத்தை நாக்கு நுனியில் வைத்து மேலே அழுத்திப் பிடிக்கும் பயிற்சி இது. சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். தொண்டைக்குள் போய்விடும்.

படுத்துக்கொண்டு செய்வது

கூடாது.

10 நிமிடத்தை மட்டும் எண்ணுவது

இந்தப் பழக்கங்களில் பல்லை நகர்த்துவது பெரும்பாலும் பலம் அல்ல, நேரம். மெல்லிய அழுத்தமும் நாளுக்குச் சுமார் 6 மணி நேரம் நீடித்தால் பல் நகரும் என்று பல் சீரமைப்புப் பாடங்கள் சொல்கின்றன. இரவெல்லாம் வாயில் கிடக்கும் விரலையும், நாளெல்லாம் முன்னால் சாய்ந்து கிடக்கும் நாக்கையும் 10 நிமிடப் பயிற்சி தனியாக வெல்லாது. பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதுக்குள் விரலைத் தாமாகவே விட்டுவிடுவார்கள். அதற்கு முன் செயலியைத் திணிக்க அவசரமில்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், எந்த நேரத்தில் விரல் வாய்க்குப் போகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.

இப்போது பெற்றோரிடம் செயலி அறிக்கை கேட்பதில்லை. பிள்ளை டிவி பார்க்கும்போது அதற்குத் தெரியாமல் வாரம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உதடு சேர்ந்திருக்கிறதா என்று அதில்தான் பார்க்கிறேன்.