எண்ணூர் ரோட்டில் ஓடும் எம்டிபிக்கு (மவுன்டன் பைக் சைக்கிளுக்கு) வீட்டிலேயே பிலிம் ஒட்டுவது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூரில் இருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை மிதித்துவிட்டு வாருங்கள். வந்ததும் சைக்கிளைக் கவிழ்த்து டவுன் டியூபின், அதாவது ஹேண்டில்பார் பக்கத்தில் இருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாயின், அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மணல், கண்டெய்னர் லாரி தெறிக்கவிட்ட ஜல்லிப்பொடி, எல்லாவற்றுக்கும் மேலே கடல் காற்றின் பிசுபிசுப்பு. பெயின்ட்டில் குண்டூசி முனை அளவுக்குப் பொத்தல் விழுந்தால் போதும், உப்பு உள்ளே போய்க் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். இரும்பு பிரேம் துருப்பிடிக்கும். அலுமினியத்துக்குத் துரு இல்லை என்பார்கள். ஆனால் அதிலும் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பொரிந்து ஊதிக்கொண்டு வரும்.

அந்தப் பொத்தல் விழாமல் காப்பதுதான் பிலிமின் வேலை. அரை நாள் ஒதுக்கினால் நீங்களே ஒட்டிவிடலாம். அதில் முக்கால்வாசி நேரம் கழுவுவதற்கே போகும், ஒட்டுவது கொஞ்ச நேரம்தான்.

என்ன வாங்க வேண்டும்?

கார்களுக்கு ஒட்டும் பிபிஎஃப் (பெயின்ட் புரொட்டக்‌ஷன் பிலிம்) என்ற பிலிம்தான் வேண்டும். அது டிபியூ என்ற பிளாஸ்டிக் வகையா என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் மாதிரி இழுபடும், வளைந்த குழாயில் படியும். இதன் மூதாதை, வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் இருக்க ஒட்டியது. நம் ரோட்டு மணலைத் தாங்காமலா போகும்? வழக்கமான தடிமன் 200 மைக்ரான், அதாவது இரண்டு ஏ4 தாள் கனம். மலிவான பிவிசி பிலிம் வெயிலில் மஞ்சளாகிவிடும். மொபைல் ஸ்கிரீனுக்கு ஒட்டுகிற ஷீட் வளையவே வளையாது. உங்கள் பிரேம் மேட் பினிஷ் என்றால் பிலிமும் மேட்டாக இருக்கட்டும். பளபள பிலிம் ஒட்டினால் எண்ணெய் கொட்டிய மாதிரி தெரியும்.

ஒரு யோசனை: கார் பிலிம் ஒட்டும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். சைக்கிளுக்கு அதுவே தாராளம். பேசி வாங்குங்கள்.

மற்றவை: இரண்டு ஸ்ப்ரே பாட்டில், தண்ணீரை வழித்துத் தள்ள ரப்பர் முனை வைத்த சின்ன ஸ்க்வீஜி, புது பிளேடு, மாஸ்கிங் டேப், பட்டர் பேப்பர், தையல்காரர் டேப், நூல் உதிராத மைக்ரோபைபர் துணி, ஹேர் டிரையர், பேபி ஷாம்பு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

தண்ணீர் விஷயம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை வைத்துத்தான் ஒட்டினேன். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாம் நாள் பார்த்தால் பிலிமுக்கு அடியில் பவுடர் பூசியது போல வெள்ளை வட்டங்கள். தண்ணீர் காய்ந்துவிட்டது, உப்பு தங்கிவிட்டது. மொத்தத்தையும் உரித்துப் போட வேண்டியதாயிற்று. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் போர் தண்ணீர் இப்படித்தான். அதனால் கேன் தண்ணீர், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

முதல் பாட்டில்: அரை லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு. பிலிமை நகர்த்திச் சரிசெய்ய இந்த வழுக்கல் உதவும். இரண்டாவது பாட்டில்: நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆல்கஹால். ஓரங்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்ள இது. ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கழுவுதல்

சக்கரம் இரண்டையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஷாம்பு தண்ணீரோ செயின் எண்ணெயோ டிஸ்க்கில் பட்டால் பிரேக் கத்தும். பிரேக் பேட் மேலேயும் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். பிரேமை ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒட்டும் இடங்களைத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் துடைக்க வேண்டும். மூன்று தடவையாவது ஆகும். ஏற்கனவே பெயின்ட் போன இடம் இருந்தால் சுத்தம் செய்து டச்-அப் பெயின்ட் வைத்து, ஒரு நாள் காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். உப்பை உள்ளே வைத்து மூடினால் பிலிம் போட்டும் பயனில்லை.

வேலையைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். மதியம் கடல் காற்று திரும்பினால் ஜன்னல் வழியே தூசி வரும். அறையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஆமாம், வியர்க்கும். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், வியர்வை சொட்டினாலும் கறைதான்.

அளவெடுத்து வெட்டுதல்

பிரேம் முழுக்க ஒட்ட நினைக்காதீர்கள். நாலு இடம் போதும்: டவுன் டியூபின் அடிப்பக்கம், செயின் அடிக்கும் பக்கத்துச் செயின் ஸ்டே (பெடலில் இருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்), கேபிள் உரசும் ஹெட் டியூப் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குட்டைக் குழாய்), முட்டி இடிக்கும் டாப் டியூப் (மேல் குழாய்).

பட்டர் பேப்பரைக் குழாய்மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, பென்சிலால் வடிவம் எடுத்து, அதை பிலிமின் மேல் வைத்து வெட்டுங்கள். எக்காரணம் கொண்டும் சைக்கிள்மேல் வைத்து பிளேடு போடாதீர்கள். மூலைகள் கூராக இருந்தால் அங்கிருந்துதான் முதலில் பெயரும், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டமாக வெட்டிவிடுங்கள். குழாயை முழுதாகச் சுற்றவும் வேண்டாம். பிலிம்மேல் பிலிம் ஏறிய இடம் தூக்கிக்கொள்ளும்.

ஒட்டுதல்

முதல் துண்டு டவுன் டியூபின் அடிப்பக்கத்துக்கு. தப்பாகப் போனாலும் ஊர் பார்க்காது.

விரல்களையும் குழாயையும் ஷாம்பு தண்ணீரால் நனையுங்கள். பின்தாளை உரிக்க உரிக்க பிலிமின் பசைப் பக்கத்திலும் அடித்துக்கொண்டே வர வேண்டும். சிக்கனம் வேண்டாம், தண்ணீர் தரையில் சொட்ட வேண்டும். பிலிமை நடுக்கோட்டில் பொருத்தி, நகர்த்திச் சரிசெய்யுங்கள். மேல்பக்கத்தையும் நனைத்துவிட்டு, ஸ்க்வீஜியால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓரம் பிடிக்காவிட்டால் தூக்கி, ஆல்கஹால் தண்ணீர் ஒரு அடி அடித்து, கொஞ்ச நேரம் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள்.

வளைவில் சுருக்கம் விழுந்தால் பதறாதீர்கள். அந்த முனையை உரித்து, ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி, மெல்ல இழுத்துப் படியவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம், கார்பன் பிரேமுக்கு அது எமன். உள்ளே தங்கிய தண்ணீர்க் கொப்புளம் சில நாளில் தானே காய்ந்துவிடும். காற்றுக் கொப்புளம் போகாது. மெல்லிய ஊசியால் ஓரமாகக் குத்தி அழுத்துங்கள். தூசி மாட்டினால், சின்னது என்றால் விட்டுவிடுங்கள். அதை எடுக்கப் போய் மூன்று தூசியை உள்ளே விட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஹெட் டியூபைக் கடைசியாக வையுங்கள். இருப்பதிலேயே வளைவு அதிகம், கை பழகியிருக்கும். லோகோ ஸ்டிக்கருக்கு மேல் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லையென்றால் அதன்மேல் ஒட்ட வேண்டாம். பின்னாளில் உரிக்கும்போது ஸ்டிக்கரும் கூடவே வந்துவிடும்.

ஒட்டிய பிறகு

ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே நிற்கட்டும், ஒரு வாரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக் (கேபிளுக்குப் பதில் எண்ணெயால் இயங்குவது) உள்ள சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தால், நிமிர்த்தியதும் லீவரைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். காற்று இடம் மாறியிருந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

துண்டு மிச்சமிருந்தால் கிராங்கின் (பெடல் மாட்டியிருக்கும் கையின்) வெளிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஷூ உரசி எழுத்து அழிவது அங்கேதான்.