தோட்டாக் கூட்டின் வாயைச் சீவ எந்தக் கருவி வாங்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டு முன்னால் வந்த பிறகுதான் அந்த வாட்ஸ்அப் அழைப்பு வரும். டெக்சாஸில் அப்போது சனிக்கிழமை இரவு. என் மாப்பிள்ளையின் கூட்டாளிகளில் ஒருவர், “மாமா, ட்ரிம்மர் வாங்கப் போறேன், எது நல்லது?” என்பார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் அவர்கள். நீண்டுபோன கூட்டின் வாயைச் சீவுகிற கருவிதான் ட்ரிம்மர். மூன்று பேருக்கு ஒரே கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வாரமும் இட்லி ஆறிப்போயிற்று. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. திருநெல்வேலிப் பேட்டைத் தொழிற்பேட்டையில் 34 வருஷம் லேத் ஓட்டியவன். பம்பு ஷாஃப்ட், பித்தளை புஷ், மில்லுக்கு உதிரி பாகம், இதுதான் என் பிழைப்பு. மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கியபோது மாப்பிள்ளை கராஜில் ஒரு சின்னக் கருவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் பேசிங்! நாம் லேத்தில் சக் என்ற பிடியில் கவ்வி முகத்தைச் சீவுகிறோமே, அதே வேலை, உள்ளங்கை அளவில். “மாப்ள, நீங்க எந்திரிங்க, இது என் வேலை” என்று ஸ்டூலை வாங்கிக்கொண்டேன். ஊருக்குக் கிளம்புவதற்குள் இரண்டாயிரம் கூடாவது சீவியிருப்பேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அந்த ஊர் போல வீட்டில் தோட்டா செய்ய அனுமதி உள்ள இடங்களில் இருப்பவர்களுக்கு. நம் ஊரில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் கருவிகளையும்கூட அந்தச் சட்டம் தோட்டாக் கணக்கில்தான் சேர்க்கிறது. ஞாபகத்துக்கு என்று ஒரு வெற்றுக் கூட்டைக்கூட நான் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவில்லை. நீங்களும் கொண்டு வராதீர்கள்.

சரி, சீவ வேண்டிய அவசியம் என்ன? சுடும்போது பித்தளைக் கூடு உப்பித் துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டுகிறது. மறுபடி உபயோகிக்க அதை டை என்ற இரும்பு அச்சில் தள்ளிச் சுற்றிலும் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வருகிறோம். பிசைந்த மாவை உள்ளங்கையில் இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குமே, அது போலப் பித்தளை கழுத்துப் பக்கமாக ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடு நீளும். அளவுக்கு மேல் நீண்டால் வாய் விளிம்பு அறையின் முனையில் போய் முட்டிக்கொள்ளும். குண்டு வெளியேற வாய் விரிய வேண்டும், விரிய இடமிருக்காது. உள்ளே அழுத்தம் எகிறும். அது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம்.

மாப்பிள்ளையுடையது .308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகம். அதற்குக் கூட்டின் உச்ச நீளம் 2.015 இன்ச், சீவி நிறுத்த வேண்டிய நீளம் 2.005 இன்ச். மில்லியில் சொன்னால் 51.18, 50.93. அதாவது எல்லாக் கூத்தும் கால் மில்லிக்குள் நடக்கிறது. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. அங்கேயும் அதே பத்து தௌ இடைவெளிதான். தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே ட்ரிம்மருக்கு முன்னால் வாங்க வேண்டியது நல்ல வெர்னியர் கேலிப்பர். டயல் வைத்ததோ டிஜிட்டலோ, ஒரு தௌ தெளிவாகக் காட்ட வேண்டும். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ட்ரிம்மரில் மிச்சம் பிடியுங்கள், கேலிப்பரில் வேண்டாம்.

இனி கருவிக்கு வருவோம். கடைக்காரர் மோட்டார், வேகம், கட்டர் என்று அடுக்குவார். நான் இரண்டே கேள்வி கேட்பேன்: கூட்டை எங்கே பிடிக்கிறது? நீளத்தை எங்கேயிருந்து எடுக்கிறது? லேத்தில் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் டூலால் அல்ல, பிடியால்தான். இதுவும் அப்படியே.

விலை குறைந்தது லீ கம்பெனியின் கேஜும் கட்டரும். ஒரு கட்டர், அதிலிருந்து நீளும் ஒரு கம்பி, கூட்டின் அடியைப் பிடிக்க ஒரு குமிழ், அவ்வளவுதான். கம்பி கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள நெருப்புத் துளை (ப்ரைமர் என்ற தீமூட்டியின் நெருப்பு உள்ளே வரும் வழி) வழியாக வெளியே வந்து குமிழின் தளத்தில் முட்டும்போது வெட்டு தானாக நின்றுவிடும். நீளத்தைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். நீங்கள் திருகிக் கெடுக்க அதில் ஒன்றும் இல்லை. குமிழைக் கை டிரில்லில் மாட்டிச் சுற்றினால் வேலையும் வேகமாக நடக்கும். மாதம் ஐம்பது அறுபது கூடு, ஒரே துப்பாக்கி என்றால் இதற்கு மேல் செலவழிக்காதீர்கள். ஒவ்வொரு தோட்டா ரகத்துக்கும் தனிக் கம்பி வாங்க வேண்டும், அதுதான் குறை. இன்னொன்று, அடியின் நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் ரகக் கூட்டுக்குத்தான் இது சரிப்படும். ராணுவக் கழிவில் வரும் பெர்டன் கூட்டில் நடுவில் துளை இருக்காது, ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். கம்பி எங்கே போகும்?

அடுத்தது மேசையில் பொருத்தும் கைப்பிடி ரகம். இதுதான் அசல் குட்டி லேத். ஃபார்ஸ்டர், ஆர்சிபிஎஸ், லைமேன் என்று பலர் செய்கிறார்கள். கட்டரின் நுனியில் பைலட் என்று ஒரு தண்டு இருக்கும். அது கழுத்துக்குள் நுழைந்து நடுமையம் காட்டும். மறுமுனையில் கூட்டின் அடியை ஒரு பிடி கவ்வும். அந்தப் பிடியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சிலதில், கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸில் போடும் அதே ஷெல் ஹோல்டர், அதாவது கூட்டின் அடி செருகும் பிடி, இருக்கும். அதில் கூட்டின் விளிம்பு கொஞ்சம் லொடலொடவென்று நிற்கும். அந்த ஆட்டம் நீளத்தில் இரண்டு மூன்று தௌ ஆகத் தெரியும். ஃபார்ஸ்டர் போல காலெட் (சுற்றிலும் சமமாக நெருக்கும் பிளவு வளையம்) வைத்து இறுக்குவது எனக்குப் பிடித்தது, லேத்காரன் கைக்கு அது பழகிய பிடி. வில்சன் ட்ரிம்மர் வேறு வழி. அதில் பைலட்டே இல்லை. கூட்டின் உடம்புச் சரிவுக்கு ஏற்றபடி கடைந்த ஒரு உருளைக்குள் கூட்டைத் தட்டி உட்காரவைத்து, இரண்டு தண்டவாளத்தின் மேல் கிடத்தி வெட்டுவார்கள். வாய் அத்தனை நேராக வரும். ஒவ்வொரு கூட்டையும் தட்டி உள்ளே, தட்டி வெளியே என்று பொறுமை வேண்டும். நிதானமாக இருபது இருபதாகச் செய்து, குறி ஒன்றே குறி என்று சுடுகிறவர்களுக்கு அது.

மூன்றாவது ரகம் நீளத்தைத் தோளிலிருந்து எடுக்கிறது. கழுத்துக்குக் கீழே சரிகிற இடம்தான் தோள். கூட்டைக் கையால் உள்ளே தள்ளினால் தோள் போய் முட்டும், மோட்டார் வாயைச் சீவிவிடும். பிடியே கிடையாது. ஜிராட் போன்ற மோட்டார் கருவியில் ஒரே தள்ளலில் நீளம் வெட்டி, உள் விளிம்பும் வெளி விளிம்பும் சரித்து வந்துவிடும். நிமிஷத்தில் பத்துக்கு மேல் முடியும். விலை சில நூறு டாலர். ஒரு தடவைக்கு ஐநூறு, ஆயிரம் என்று .223 சுடுகிறவர்களுக்கு வேறு எதைச் சொன்னாலும் மணிக்கட்டு தாங்காது. ஆனால் தோளின் இடம் கூட்டுக்குக் கூடு மாறினால் நீளமும் மாறும். டையை ஒழுங்காக அமைக்காதவர்கள் இதை வாங்கிவிட்டுக் கருவியைத் திட்டுவார்கள். தோளே இல்லாத நேர்க்கூடுகளுக்கு இது உதவாது.

ட்ரிம் டை என்று ஒன்றும் உண்டு. கெட்டிப்பட்ட டையில் கூட்டை ஏற்றி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் ராவ வேண்டும். அரம் பிடித்துப் பழகியவனுக்குச் சுகம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

என் பங்குக்கு ஒரு கூத்தும் நடந்தது. மேசை ரகம், அடியைக் கவ்வும் பிடி. காலையில் அமைப்பைச் சரி செய்து, முதல் மூன்று கூட்டை அளந்து, 2.005 வந்ததும் மெத்தனமாகிவிட்டேன். அப்புறம் அளக்கவே இல்லை. மாப்பிள்ளை காபியோடு வந்து சும்மா ஒன்றை எடுத்து அளந்தார். 1.996. அடுத்தது 1.995. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். பிடியைக் கழற்றினால், கூட்டின் அடி உட்காரும் தளத்தில் ஒரு பித்தளைப் பிசிறு, நகத்துணுக்கு போல, அழுந்தி ஒட்டியிருந்தது. அது கூட்டை அத்தனை தூரம் கட்டர் பக்கம் தள்ளியிருக்கிறது. பதினேழு கூடு குட்டையாகிவிட்டன. குட்டைக் கூடு ஆபத்தில்லை, ஆனால் மற்றவற்றோடு சேராது. தனியாகக் குறி போட்டு வைத்தோம். பேட்டையில் எத்தனை பையன்களை, “ஏலே, சக்கைத் துடைச்சியா?” என்று கேட்டிருப்பேன்! எந்தக் கருவி வாங்கினாலும் கூடவே ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கூட்டுக்கு ஒரு தடவை தளத்தைத் துடையுங்கள், பத்துக்கு ஒன்றை அளந்து பாருங்கள்.

வரிசையையும் மாற்றாதீர்கள். முதலில் டையில் நெருக்கு, பிறகு அள, பிறகு சீவு. சீவிவிட்டு நெருக்கினால் மறுபடி நீளும். அதோடு நெருக்காத கழுத்து அகலமாக இருக்கும். பைலட் அதற்குள் ஆடும், வாய் கோணலாக வெட்டுப்படும். நெருக்கிய கழுத்தில் பைலட் இறுகிக் கீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். வேலை முடிந்ததும் கூட்டின் உள்ளே எண்ணெய் மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும், வெடிமருந்துப் பவுடரும் ப்ரைமரும் எண்ணெயோடு ஒத்துப்போகாது.

சீவிய வாயை விரல் நுனியால் தடவிப் பாருங்கள், உள்ளும் புறமும் பிசிறு நிற்கும். அதை எடுக்க இரண்டு பக்கமும் முனையுள்ள சேம்ஃபர் கருவி தனியாக விற்கும். இலேசாக இரண்டு சுற்று, அவ்வளவே. நம் ஆட்கள் ஆர்வத்தில் அழுத்திச் சுற்றி வாயைக் கத்தி முனை ஆக்கிவிடுவார்கள். அந்த முனை குண்டின் செம்பு உறையைச் சுரண்டும்.

போன வாரம் கேட்டவருக்கு லீ சொன்னேன், அவரிடம் ஒரே துப்பாக்கி. முகம் கொஞ்சம் வாடிவிட்டது, மோட்டார் வைத்ததைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அப்புறம் அவர், “மாமா, இந்தக் கூட்டை ஏற்கனவே நாலு தடவை சீவியாச்சு” என்று கேமரா முன்னால் ஒன்றைக் காட்டினார். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம். கழுத்தில் நாம் வெட்டிப்போடும் பித்தளை உடம்பிலிருந்துதானே ஏறி வருகிறது, அங்கே சுவர் மெலிந்துகொண்டே வரும். ஒரு ஊக்கை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். வளையத்துக்கு நேரே உள்ளே பள்ளம் இருந்தால் நுனி இடறும். இழுத்தார். இடறியது. அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போடச் சொல்லிவிட்டு, ஆறிய இட்லிக்குத் திரும்பினேன்.