மெரிட் பேட்ஜ் பெறும் முறை: அமெரிக்கச் சாரணர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

அமெரிக்காவில் 1910-இல் தொடங்கப்பட்ட சாரணர் அமைப்பு, 2025 பிப்ரவரி முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்கி வருகிறது. அதில் பெரும்பாலும் 11 வயதையொட்டிச் சேரும் பிள்ளைகள், 18 வயது நிறைவதற்குள் தாமே தேர்ந்தெடுத்த துறைகளில் பயின்று மெரிட் பேட்ஜ் எனப்படும் தேர்ச்சிச் சின்னங்களைப் பெறலாம். முதலுதவி, சமையல், நீச்சல், முகாம் வாழ்க்கை ஆகியவற்றிலிருந்து வானியல், மரச் செதுக்கல், ரோபோட்டிக்ஸ், அணு அறிவியல் வரை 130-க்கும் மேற்பட்ட துறைகள் உள்ளன. ஈகிள் ஸ்கவுட் என்னும் உச்ச நிலையை எட்ட விரும்புவோர் 21 பேட்ஜ்களைப் பெற வேண்டும். அவற்றுள் ஒரு பகுதி கட்டாயமானவை, மற்றவை பிள்ளையின் விருப்பம்.

துறையைத் தேர்ந்தெடுப்பது, அத்துறையைக் கற்பித்து வேலையைச் சரிபார்க்கும் ஆலோசகரைத் தொடர்புகொள்வது, வேலையைச் செய்துமுடித்துக் காட்டுவது ஆகிய மூன்றும் பிள்ளையின் பொறுப்பு என்பதைப் பெற்றோர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது. பள்ளி, பாட்டு வகுப்பு, கணித வகுப்பு என எல்லாவற்றுக்கும் நாமே பேசிப் பதிவுசெய்து பழகிய நமக்கு இது எளிதன்று. ஆயினும், அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரிடம் தன் தேவையைத் தானே எடுத்துச் சொல்லப் பழகுவது இந்த ஏற்பாட்டின் பாதிப் பயன் என்பது என் கருத்து.

பேட்ஜ் வேலையைத் தொடங்க எந்தத் தகுதி நிலையும் முன்நிபந்தனையாக இல்லை. முதல் மாதத்திலேயே தொடங்கலாம். எதில் தொடங்குவது என்று கேட்டால், பிள்ளைக்கு உண்மையாகவே ஆர்வமுள்ள ஒன்றையும், காலம் பிடிக்கும் கட்டாயப் பேட்ஜ் ஒன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். ஏனெனில், சில கட்டாயப் பேட்ஜ்களை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து முடித்துவிட முடியாது. தனிநபர் மேலாண்மைப் பேட்ஜுக்கு 13 வாரங்கள் வரவுசெலவுக் கணக்கு எழுத வேண்டும். உடற்தகுதிப் பேட்ஜுக்கு 12 வாரப் பயிற்சித் திட்டம் உண்டு. குடும்ப வாழ்க்கைப் பேட்ஜுக்கு வீட்டு வேலைகளை 90 நாள் செய்து குறித்துவைக்க வேண்டும். முகாம் பேட்ஜுக்கு 20 இரவுகள் முகாமில் தங்கியிருக்க வேண்டும். பதினேழரை வயதில் இவற்றைத் தொடங்கும் பிள்ளை நாள்காட்டியோடு போராடுவதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றில் சில வேலைகளுக்கு ஆலோசகரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 வாரப் பயிற்சித் திட்டத்தை ஆலோசகரிடம் காட்டிய பின்னரே தொடங்க வேண்டும். ஆகவே, அந்தப் பேட்ஜுக்குச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் தேவைகளின் பட்டியலை முழுமையாகப் படிக்காமல் நாள்களை எண்ணத் தொடங்க வேண்டாம்.

துறையை முடிவு செய்த பிறகு பிள்ளை தன் குழுவை வழிநடத்தும் பெரியவரான ஸ்கவுட்மாஸ்டரிடம் பேசி, நீல அட்டை எனப்படும் விண்ணப்பத்தில் அவரது கையொப்பத்தைப் பெற வேண்டும். அந்தக் கையொப்பத்துக்கு அனுமதி என்று பொருளில்லை; இருவரும் கலந்து பேசினர், குறைந்தது ஓர் ஆலோசகரின் பெயராவது தரப்பட்டது என்பதையே அது காட்டுகிறது. அட்டை மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒன்று குழுவுக்கு, ஒன்று சாரணருக்கு, ஒன்று ஆலோசகருக்கு. சில குழுக்கள் இதே பதிவை இணையத்தில் வைத்துக்கொள்கின்றன, முறை ஒன்றுதான்.

ஆலோசகர் என்பவர் 18 வயது நிறைந்தவராகவும், அமைப்பில் பதிவுசெய்து இளையோர் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தவராகவும், குறிப்பிட்ட அந்தப் பேட்ஜுக்கு உள்ளூர்க் கவுன்சிலின், அதாவது அப்பகுதிச் சாரணர் நிர்வாகத்தின், ஒப்புதல் பெற்றவராகவும் இருக்க வேண்டும். மின்பணியில் முப்பதாண்டு அனுபவமுள்ள குடும்ப நண்பர் பிள்ளைக்குத் தாராளமாகக் கற்பிக்கலாம். பதிவில்லாத நிலையில் அவரால் அட்டையில் கையொப்பமிட முடியாது. ஸ்கவுட்மாஸ்டரும் இதற்கு விலக்கில்லை: அவர் தனியே ஆலோசகராகப் பதிவுசெய்யாவிட்டால் அவரது கையொப்பமும் செல்லாது.

முதல் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். தன் பெயர், குழு எண், எந்தப் பேட்ஜ், இதுவரை என்ன செய்திருக்கிறேன், எந்தெந்த நாள்களில் சந்திக்க முடியும் என்ற ஐந்தும் இருந்தால் போதும். பெற்றோரில் ஒருவரையோ குழுவின் பெரியவர் ஒருவரையோ அந்த மின்னஞ்சலில் கட்டாயம் சேர்க்க வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளையும் தனியாகக் கடிதத் தொடர்போ காணொளி உரையாடலோ வைத்துக்கொள்வதை விதிகள் தடுக்கின்றன. நேரில் சந்திக்கும்போதும் அப்படித்தான். பெற்றோரில் ஒருவரோ, அமைப்பில் பதிவுசெய்த மற்றொரு பெரியவரோ உடனிருக்க வேண்டும். சந்திப்பும் பிறர் பார்வையில் படும் இடத்தில் நடக்க வேண்டும். தனியாக வரச் சொல்பவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்தாலும் மறுத்துவிட்டுக் குழுத் தலைமைக்குத் தெரிவியுங்கள். துணைக்குச் செல்லும் பெற்றோர் அறையின் ஓரத்தில் அமர்ந்திருந்தால் போதும், பிள்ளைக்கான கேள்விக்கு நாம் விடை சொல்லத் தேவையில்லை. ஒரு வாரமாகியும் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு பெயர் கேட்பதில் தவறில்லை. ஆலோசகர்கள் அனைவரும் தம் ஓய்வு நேரத்தைத் தரும் தன்னார்வலர்கள்.

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் தேவைகளின் பட்டியல்தான். அதில் எழுதியிருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் செய்ய வேண்டும் என்பது அடிப்படை விதி. இது பிள்ளையைப் போலவே ஆலோசகரையும் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லையும் அடிக்கோடிட்டுப் படிக்கப் பழக்குங்கள். ‘விளக்குக’ என்று இருந்தால் வாயால் விளக்கினால் போதும். ‘செய்து காட்டுக’ என்று இருந்தால் செய்தே காட்ட வேண்டும். கட்டுப் போடும் முறையை எவ்வளவு அழகாக வருணித்தாலும் அது நிறைவேறியதாகாது. ‘ஆலோசகருடன் கலந்துரையாடுக’ என்ற இடத்தில் எழுதிக்கொண்டு போன தாளை நீட்டுவது உரையாடல் ஆகாது. மலையேற்றமும் நடையும் சார்ந்த பேட்ஜில் ஒரே நாளில் 20 மைல் நடக்க வேண்டும் என்றிருந்தால் 18 மைல் போதாது. ஆலோசகர் 22 மைல் கேட்கவும் முடியாது. இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் தாள்கள் குறிப்பெடுக்க உதவும். ஆனால் பட்டியலே எழுதச் சொல்லாத இடத்தில் அந்தத் தாளை நிரப்பித் தர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. தாள் முழுவதும் நிரம்பியிருப்பதாலேயே பேட்ஜ் முடிந்துவிட்டது என்று பிள்ளையும் எண்ணக் கூடாது.

கோடை முகாம்களிலும், ஒரே நாளில் பலரைக் கூட்டி நடத்தும் மெரிட் பேட்ஜ் நாள்களிலும் வகுப்பாகச் சேர்ந்து கற்பது அனுமதிக்கப்பட்டதே. படகோட்டுதல், அம்பெய்தல் போன்றவற்றுக்குத் தேவையான ஏரியும் கருவிகளும் முகாமில் கிடைப்பதால் அங்கே கற்பதுதான் வசதியும் கூட. இருந்தாலும் தேவைகளை நிறைவேற்றியதை ஒவ்வொருவரும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும். நாற்பது பேர் அமர்ந்து கேட்ட சொற்பொழிவின் முடிவில் நாற்பது அட்டைகளும் கையொப்பத்தோடு திரும்பினால், பிள்ளைக்குப் பேட்ஜ் வந்திருக்கும், திறன் வந்திருக்காது. குடியுரிமை தொடர்பான பேட்ஜ்களை முகாமில் முடிக்காமல், ஊரில் ஓர் ஆலோசகரிடம் நிதானமாகச் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

முகாம் முடியும்போது சில தேவைகள் மீதமிருந்தால், முடிந்தவற்றை மட்டும் குறித்து அட்டையைத் திருப்பித் தருவார்கள். இத்தகைய அரைகுறைப் பதிவு 18-ஆம் பிறந்த நாள் வரை செல்லுபடியாகும். மீதியை வேறோர் ஆலோசகரிடம் தொடரலாம். முன்னவர் ஏற்றவற்றைப் புதியவர் ஏற்க மறுப்பது அரிதாகவே நிகழ வேண்டும். மறுப்பு நியாயமற்றது என்று பிள்ளை கருதினால், ஸ்கவுட்மாஸ்டரின் உதவியுடன் வேறொருவரை நாடலாம்.

எல்லாம் நிறைவேறிய பின் ஆலோசகர் கையொப்பமிட்டுத் தம் பகுதியை வைத்துக்கொள்வார். பிள்ளை மற்றவற்றைக் குழுவிடம் சேர்த்துப் பதிவுசெய்யச் சொல்ல வேண்டும். கையொப்பமிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குழுத் தலைவர்கள் மறுதேர்வு நடத்துவதற்கு இடமில்லை. பேட்ஜ் பெரும்பாலும் குழுவின் பாராட்டு விழாவில் வழங்கப்படும். துணிச் சின்னம் தொலைந்தால் வேறொன்று வாங்கலாம்; சாரணருக்குரிய அட்டைப் பகுதியைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈகிள் விண்ணப்பத்தில் ஒவ்வொரு பேட்ஜும் கிடைத்த தேதியை எழுத வேண்டியிருக்கும். குழுவின் பதிவேட்டில் ஒன்று விடுபட்டிருந்தால் அந்தத் துண்டு அட்டையே சான்று. பேஸ்பால் அட்டைகளைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் தாள்களில் இவை சரியாகப் பொருந்தும்.

மருத்துவம், மென்பொருள், கணக்கியல், தோட்டக்கலை என ஏதாவது ஒன்றில் தேர்ச்சியுள்ள பெற்றோர் தாமே ஆலோசகராகலாம். உள்ளூர்க் கவுன்சிலில் பெரியவர்களுக்கான விண்ணப்பத்தையும் ஆலோசகர் தகவல் படிவத்தையும் தந்து, பின்னணிச் சோதனைக்கு இசைந்து, பாதுகாப்புப் பயிற்சியை இணையத்திலேயே முடித்துவிடலாம். ஒப்புதல் பெற்றவர் தம் சொந்தப் பிள்ளையின் அட்டையிலும் கையொப்பமிட விதி இடம் தருகிறது. இயன்றவரை அதைத் தவிர்த்து, மற்றப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்துகொண்டு, நம் பிள்ளையை வேறொருவரிடம் அனுப்புவதே நன்று.