பட்டனை அழுத்தினால் புது விண்டோ: எங்கே சறுக்குகிறோம்?

நிரலை ஓட்டியதுமே, பட்டனைத் தொடாமலே இரண்டாவது விண்டோ வந்து நிற்கிறதா? விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் பைத்தானின் டிகேஇன்டர் நூலகத்தில் என்றால், பட்டனின் கமாண்டில் ஃபங்ஷன் பெயரோடு அடைப்புக்குறியும் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் பட்டன் உருவாகும்போதே ஃபங்ஷன் ஓடி முடிந்துவிடும். அது திருப்பித் தரும் வெற்று மதிப்புதான் பட்டனுக்கு மிஞ்சும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பெயரை மட்டும் கொடுங்கள். மதிப்பு ஏதாவது அனுப்ப வேண்டுமா, லாம்டாவுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வையுங்கள்.

சரி, விண்டோ திறக்கிறது. ஆனால் அதில் தட்டிய எழுத்து, அதைப் பிடித்து வைக்க வேண்டிய டிகேஇன்டர் மாறியான ஸ்ட்ரிங்வாரில் வரவே இல்லை. நான் ஒரு மாலை முழுக்க இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் விண்டோவை டிகே கொண்டு உருவாக்கினோமே என்று இரண்டாவதற்கும் அதையே எழுதியதுதான் வினை. ஒவ்வொரு டிகேயும் தனக்கென ஒரு டிசிஎல் இன்டர்பிரெட்டரோடு (டிகேஇன்டரை உள்ளே இருந்து இயக்கும் டிசிஎல் மொழியின் இயக்கி) வரும். எந்த விண்டோவுக்கு என்று சொல்லாமல் உருவாக்கிய ஸ்ட்ரிங்வார் முதலாவதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவதற்கு அது யாரோ. டிகே ஒன்றே ஒன்று போதும். மற்ற விண்டோ எல்லாம் டாப்லெவல் கொண்டு உருவாக்குங்கள், நிரலைக் காத்திருக்க வைக்கும் மெயின்லூப்பும் ஒருமுறைதான்.

பைத்தானின் இன்னொரு விண்டோ நூலகமான பைக்யூட்டியில் தலைவலி வேறு மாதிரி: விண்டோ கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறைந்துவிடும். ஃபங்ஷனுக்குள் லோக்கல் மாறியில் வைத்திருந்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை; பைத்தான் அழித்துவிடும். செல்ஃபில், அதாவது முதன்மை விண்டோவின் ஆப்ஜெக்ட்டிலேயே, வைத்தால் நிற்கும். டாப்லெவலைத் தாய் விண்டோ பிடித்து வைத்திருப்பதால் டிகேஇன்டரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் லோக்கல் மாறியில் மட்டும் வைத்த ஃபோட்டோஇமேஜ் (படம்) அங்கேயும் பிடித்து வைக்க ஆளில்லாமல் காணாமல் போகும், கவனம்.

பட்டனை ஐந்து முறை அழுத்தினால் ஐந்து விண்டோ வருவதைப் பலர் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். விண்டோவை வைத்திருக்கும் மாறி காலியா என்று மட்டும் பார்த்தால் போதாது. பயனர் மூடிய பிறகும் மாறியில் அந்தச் செத்த விண்டோதான் இருக்கும். டிகேஇன்டரில் வின்ஃபோ_எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லிஃப்ட் செய்து முன்னால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் புதிதாகத் திறங்கள்.

மூடும்போதும் வம்பு உண்டு. ஜாவா மொழியின் விண்டோ நூலகமான ஸ்விங்கில் இரண்டாவது ஜேஃப்ரேமுக்கும் (அதில் விண்டோவின் பெயர் அது) எக்ஸிட்_ஆன்_க்ளோஸ் கொடுத்தால் மொத்த நிரலும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அங்கே டிஸ்போஸ்_ஆன்_க்ளோஸ் வேண்டும். டிகேஇன்டரில் இதற்கு நேர் எதிர்: முதன்மை விண்டோவை வித்ட்ரா செய்து மறைத்துவிட்டு, இரண்டாவதை மூடும்போது முதன்மையைத் திரும்பக் காட்டவோ அழிக்கவோ மறந்தால், திரையில் ஒன்றுமே இருக்காது, நிரல் மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.