இரண்டு மருந்துகள் சேர்ந்து கூடுதலாக வேலை செய்கின்றனவா: என் அனுபவம்

புற்றுநோய் செல்களில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பிளேட்டிலும் (செல்களை வைக்கும் பல குழிகள் கொண்ட தட்டு) வெவ்வேறு டோஸ் ஜோடி ‘சினர்ஜி’, அதாவது எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான கூட்டுப் பலன், காட்டியது. எதை நம்புவது?

நான் எடுத்துக்கொண்டது 1939இல் புள்ளியியலாளர் பிளிஸ் சொன்ன அளவுகோல். ஒரு மருந்து 40 சதவீதச் செல்களையும் மற்றது 30 சதவீதத்தையும் கொன்றால், தனித்தனியே இயங்கும்போது 0.6 × 0.7, அதாவது 42 சதவீதம் பிழைக்க வேண்டும். 34 மட்டுமே பிழைத்தால் கூடுதல் பலன் உண்டு. ஆனால் அந்த 8 சதவீதப் புள்ளி வெறும் தற்செயலா?

டோஸ் ஜோடிகள் 49. எந்தக் கூடுதல் பலனும் இல்லாவிட்டாலும், 5 சதவீதத் தவறை அனுமதிக்கும் வரம்பில் இரண்டு மூன்று ஜோடிகள் ‘தேறிவிடும்’. அதனால், பல சோதனைகளை ஒன்றாகச் செய்யும்போது வரம்பைக் கடுமையாக்கும் ஹோம் திருத்தம் சேர்த்தேன்.

முக்கியமான மாற்றம் வேறு. ஒரே பிளேட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகாது. வேறு நாளில், புதிதாக வளர்த்த செல்களில் செய்வதுதான் மறுசோதனை. பிழைப்பு விகிதத்தை லாக் (மடக்கை) எடுத்தால் பிளிஸின் பெருக்கல் கூட்டலாகிவிடும். அப்புறம் ‘ஆர்’ மென்பொருளில் நாளைத் தற்செயல் விளைவாக (நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கமாக) வைத்து, இடைவினை உறுப்பின் (இரண்டும் சேர்வதால் வரும் கூடுதல் பலனைக் காட்டும் எண்) நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, பூஜ்யத்தைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். (பிழைப்பு பூஜ்யத்தை நெருங்கும் குழிகளைச் சேர்க்காதீர்கள், லாக் தாறுமாறாகும்.) சிதறிக் கிடந்த ஜோடிகள் மறைந்தன, நடு டோஸ்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் நின்றது.

அதையும் உடனே ஏற்கவில்லை. டோஸ் வளைவு (டோஸ் கூடக் கூடப் பலன் மாறும் விதம்) செங்குத்தாக இருந்தால், ஒரு மருந்தை அதனோடேயே சேர்த்தாலும் பிளிஸ் கணக்கு சினர்ஜி என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே, ஒரு மருந்தை அதனோடேயே சேர்த்தால் கூடுதல் பலன் இல்லை என்று கொள்ளும் லோவே முறையிலும் சோதித்தேன். அங்கும் நின்றது.