"பாதியை எரித்துவிட்டோம்" என்கிறார்களா? பர்ன் முகவரியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

ஏதாவது ஒரு புது கிரிப்டோ டோக்கனின் டெலிகிராம் குழுவில் சேர்ந்து பாருங்கள். கொஞ்ச நாளிலேயே "மொத்த சப்ளையில் பாதியை எரித்துவிட்டோம்!" என்று ஒரு அறிவிப்பு வரும், கூடவே ஒரு லிங்க். எரிப்பது என்றால், பெரும்பாலும் யாராலும் திரும்ப எடுக்க முடியாத ஒரு 'பர்ன் முகவரி'க்கு டோக்கனை அனுப்பிவிடுவது. அந்த லிங்க்கைத் திறந்து, சொல்வது உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புரோகிராமிங் தெரிய வேண்டாம். வாலட்டை (கிரிப்டோவைக் கையாளும் செயலியை) எங்கேயும் இணைக்கவும் வேண்டாம். எந்தத் தளமாவது அப்படிக் கேட்டால் டேபை மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

முதலில் அடிப்படை. வழக்கமாக வாலட் ஒரு பிரைவேட் கீயை, அதாவது பணத்தை எடுக்கத் தேவையான ரகசிய எண்ணை, உருவாக்கும். அதிலிருந்து பப்ளிக் கீ வரும், அதை ஹாஷ் செய்தால் (ஒரு வழிக் கணக்கால் சுருக்கினால்) முகவரி வரும். இந்தத் திசையில் போவது சுலபம், முகவரியிலிருந்து கீக்குத் திரும்பி வர வழியில்லை. பர்ன் முகவரியில் கீ என்ற பேச்சே கிடையாது. முகவரியை நேரடியாகக் கையால் எழுதிவிடுகிறார்கள். பூட்டு மட்டும் செய்தாயிற்று, சாவி செய்யவே இல்லை. வடிவம் சரியாக இருந்தால் போதும், நெட்வொர்க் பணத்தை ஏற்றுக்கொள்ளும்.

கணக்குப்படி பார்த்தால் அதற்குப் பொருந்தும் கீ எங்கோ இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைத் தேட 1-க்குப் பின்னால் 48 சைபர் போட்ட அளவுக்கு முயற்சிகள் வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கீ வீதம் தட்டிப் பார்த்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல்லாயிரம் கோடி கோடி மடங்கு காலம் ஆகும்.

படி 1: முகவரியை முழுதாகப் படியுங்கள்

எத்தீரியத்தில் அதிகம் புழங்கும் பர்ன் முகவரியில் 'சைபர் எக்ஸ்' என்ற முன்னொட்டுக்குப் பிறகு 36 சைபர்கள் வரும். அப்புறம் டி, ஈ, ஏ, டி, அதாவது 'டெட்'. மொத்தம் 40 இலக்கம். நாற்பதும் சைபராக உள்ள இன்னொன்றும் உண்டு. பிட்காயினில் பிரபலமானது "பிட்காயின் ஈட்டர் அட்ரஸ் டோன்ட் சென்ட்" என்று ஆங்கில எழுத்தில் அப்படியே வாசிக்கலாம். கடைசி ஆறு எழுத்துக்கு மட்டும் அர்த்தம் இருக்காது. முகவரியில் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம் அது, அதை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது.

இவ்வளவு நீளமாக அர்த்தம் வந்தால் அது கையால் எழுதியதுதான். ஆனால் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான வாலட்கள் முகவரியின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் காட்டி, நடுவில் புள்ளி வைத்துவிடும். நான்கு சைபரில் தொடங்கி டெட்-டில் முடியும் முகவரி ஒன்றைக் கீயோடு சேர்த்தே உருவாக்க சுமார் 430 கோடி முயற்சி போதும். கேட்கப் பெரிதாக இருக்கும், ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது சில நிமிட வேலை. அங்கே அனுப்பிய "எரித்த" டோக்கனை ஆறு மாதம் கழித்து ஓசைப்படாமல் எடுத்து விற்கலாம். அதனால் முகவரியை முழுதாக காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டி, நடுப்பகுதியையும் பாருங்கள்.

வழக்கமில்லாத வடிவம் என்றாலே மோசடி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2021 மே மாதம் எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின், தனக்குக் கேட்காமலே அனுப்பப்பட்டிருந்த ஷிபா இனு டோக்கன்களில் ஒரு பங்கை இந்தியக் கோவிட் நிவாரணத்துக்குக் கொடுத்தார். மிச்சத்தில் 90 சதவீதத்தை, சுமார் 410 லட்சம் கோடி டோக்கனை, எரித்தார். அவர் அனுப்பிய முகவரி டெட்-டில் தொடங்கும், பிறகு 16 சைபர், கடைசியில் 42069 என்ற எண் நான்கு தடவை. குறும்புதான். ஆனால் நாற்பது இலக்கத்தில் ஒன்றுகூடத் தற்செயலாக வந்ததில்லை.

படி 2: வெளியே போன பணம் உண்டா?

முகவரியை எக்ஸ்ப்ளோரரில், அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளையும் காட்டும் தளத்தில், போடுங்கள். பிட்காயினுக்கு மெம்பூல் ஸ்பேஸ், எத்தீரியத்துக்கு ஈதர்ஸ்கேன் போதும். 2014 ஜனவரியில் கவுண்டர்பார்ட்டி திட்டத்துக்காக 2100-க்கும் மேற்பட்ட பிட்காயின்களை ஒரு முகவரிக்கு அனுப்பி எரித்தார்கள். எரித்தவர்களுக்கு ஈடாக எக்ஸ்சிபி டோக்கன் கிடைத்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் வந்தது மட்டும் இருக்கும், செலவு சைபர்.

எத்தீரியத்தில் ஒரு குழப்பம் வரும். எல்லாம் சைபரான முகவரியிலிருந்து டோக்கன்கள் வரிசையாக வெளியே போவதுபோலக் காட்டும். பதற வேண்டாம். புதிதாக டோக்கன் அச்சிடும்போது, அதை அந்த முகவரியிலிருந்து வந்ததாகப் பதிவு செய்வது வழக்கம். யாரும் கையெழுத்திட்டு எடுக்கவில்லை.

அதே சமயம், செலவு சைபர் என்பது மட்டுமே ஆதாரம் ஆகாது. இதுவரை யாரும் எடுக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். 2009 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக்கில் வந்த 50 பிட்காயினைச் செலவழிக்கவே முடியாது, ஏனென்றால் மென்பொருள் அதைச் செலவுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பிட்காயினை உருவாக்கிய சதோஷியே வந்தாலும் முடியாது. ஆனால் பிற்பாடு ரசிகர்கள் அதே முகவரிக்கு அனுப்பிய காசு வேறு கதை. கீ வைத்திருப்பவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: டோக்கனின் சப்ளையைப் பாருங்கள்

டோக்கன் பக்கத்தில் 'ஹோல்டர்ஸ்' பகுதிக்குப் போய், டெட் முகவரியிடம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பில் சொன்னதும் இதுவும் பொருந்த வேண்டும். இப்படி அனுப்பி எரித்தால் மொத்த சப்ளை எண் குறையாது. கான்ட்ராக்டில் (டோக்கனை இயக்கும் நிரலில்) உள்ள 'பர்ன்' வசதியால் எரித்தால்தான் அந்த எண்ணே குறையும்.

அப்புறம் 'கான்ட்ராக்ட்' பகுதி. நிரலின் மூல வரிகள் அங்கே சரிபார்த்து வெளியிடப்படவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க எதுவும் இல்லை, ஒதுங்கிவிடுங்கள். வெளியிடப்பட்டிருந்தால் 'மின்ட்' (புதிதாக அச்சிடு) என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்து, 'ஓனர்' இடத்தில் உயிருள்ள முகவரியும் இருந்தால், எரித்த அளவை நாளைக்கே திரும்ப அச்சிடலாம். என்னைக் கேட்டால் பர்ன் அறிவிப்பைவிட இந்த இரண்டு வரிதான் முக்கியம்.

எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈதருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. 2021 ஆகஸ்ட் 5 முதல் ஒவ்வொரு பரிவர்த்தனையின் அடிப்படைக் கட்டணமும் எரிகிறது, ஆனால் எந்த முகவரிக்கும் போவதில்லை, நேராகக் கழிக்கப்படுகிறது.

படி 4: எந்த வகையான "முடியாது"?

பர்ன் முகவரிக்குக் கீ கிடைக்க வாய்ப்பு நடைமுறையில் இல்லை, அவ்வளவுதான். அதைவிட உறுதியான வகையும் உண்டு. 2011 அக்டோபரில் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் தவறான ஸ்கிரிப்ட்டோடு (பணத்தை யார் எடுக்கலாம் என்று சொல்லும் நிபந்தனையோடு) 2609 பிட்காயினை அனுப்பிவிட்டது. பப்ளிக் கீயின் ஹாஷ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எந்தக் கீயை ஹாஷ் செய்தாலும் காலியான விடை வராது, ஆகவே அந்தப் பூட்டுக்குச் சாவி கணக்கிலேயே இல்லை.

இன்னொரு பக்கம், 2017 நவம்பரில் பேரிட்டி வாலட்களில் 5 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியது. அங்கே கீகள் எல்லாம் உரியவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. எல்லா வாலட்களும் நம்பியிருந்த பொதுக் கான்ட்ராக்டை யாரோ அழித்துவிட்டார்கள். அதை மீட்க 2018-இல் ஒரு முன்மொழிவு வந்தது, சமூகம் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பணம் திரும்பியிருக்கும். இதையும் சிலர் "எரிந்த" கணக்கில் சேர்க்கிறார்கள், நான் சேர்க்க மாட்டேன்.

கையால் செய்து பார்க்க ஆசையா? செபோலியா என்ற டெஸ்ட்நெட்டில் (எத்தீரியத்தின் பரிசோதனை நெட்வொர்க்கில்) இலவச ஈதர் வாங்கி, 0.001 மட்டும் டெட் முகவரிக்கு அனுப்புங்கள். சில வாலட்கள் தடுக்கக்கூடும், தடுத்தால் நல்ல வாலட் என்று அர்த்தம். அனுப்பும் முன் மேலே நெட்வொர்க் பெயரில் 'செபோலியா' என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.